சிவப்புக் கண்ணாடியில் ஒரு வளையல்

மதியம் இரண்டு மணி.

கேமராவின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த திருப்புளி அண்ணன் அதை மறுபடி மூடினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை திறந்தார். சிவப்புக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டைதான் இருந்தது.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி நீட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. மலையுச்சி வானாய்வகத்தில் கேமராக்களைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை. கோபக்காரர். கை சுத்தம், வாய் அவ்வளவு சுத்தம் இல்லை. அன்று அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடியே இயக்குநரின் அறைக்கு நடந்து போனார்.

காணாமல் போன பொருளைப் பழைய சாமான்காரன்கூடக் காசு கொடுத்து வாங்கமாட்டான். ஆனால் அந்த மலைக்கு அதுதான் கண். அடர்சிவப்பு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் வட்டக் கண்ணாடி அது. சின்னஞ்சிறிய, குளிர்ந்த நட்சத்திரங்கள் அந்த நிறத்தில்தான் ஒளிர்கின்றன. அப்படிப்பட்ட நட்சத்திரம் ஒன்றைப் பூமி போன்ற ஒரு கோள் சுற்றி வருவதாக ஆய்வகம் இரண்டு மாதத்துக்கு முன் உலகத்துக்கு அறிவித்திருந்தது. அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு பொறியாளர் மறுநாள் காலை வருகிறார். கேமராவையும் கண்ணாடியையும் அவர் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் எடுத்து வைக்கப் போன இடத்தில்தான் இந்தக் கூத்து.

மூன்றரை மணி.

மலையடி ஊரின் பெண் இன்ஸ்பெக்டர் அன்று விடுப்பில் இருந்தாள். இயக்குநர் நிலையத்தைக் கூப்பிடாமல் அவளுடைய சொந்த எண்ணைத்தான் கூப்பிட்டார். புகார், பத்திரிகை எதுவும் வேண்டாம், ஆறு மணிக்குள் கண்ணாடி கிடைத்தால் போதும் என்றார். கிடைக்காவிட்டால் திருப்புளியின் மேல் முறைப்படி புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அவரை வேலையைவிட்டும் நீக்கப் போவதாகச் சொன்னார். "உங்க தங்கச்சி வேலை பாக்கிற இடம். நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க," என்று முடித்தார். விசாரணைக்குப் போகும் இடத்தை யாராவது நம்ம வீடு என்றால் இன்ஸ்பெக்டருக்கு உடனே மூக்கு வேர்க்கும். இருந்தாலும் கிளம்பினாள். அந்த ஆய்வகத்தின் கோளை முதலில் கண்டவளே அவள் தங்கைதான்.

வாசலில் காவலாளி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். திருட்டு தெரிந்ததிலிருந்து வெளியே போகும் பையெல்லாம் கொட்டிக் காட்டப்பட வேண்டும் என்று உத்தரவு. பால்காரரின் கேனுக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்துவிட்டார்களாம். அறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

காவலாளி பதறிப்போய் எழுந்துவிட்டார். "போலீஸ் பையை நான் சோதிக்கிறதா? நல்லா இருக்கே மேடம். உள்ள வரும்போதும் வேண்டாம், வெளிய போகும்போதும் வேண்டாம்."

தங்கை வாசலுக்கே வந்துவிட்டாள். ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியோடு விழித்திருந்த கண்கள் உள்ளே போயிருந்தன. அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். பாதியிலேயே அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கக்கத்தில் ஒரு கம்பளிச் சால்வையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"இவ்வளவு நடந்திருக்கு, நீ ஏன் எனக்கு ஃபோன் பண்ணல பாப்பா?"

"ஓடிட்டே இருந்தேன்க்கா. சார் உன்னைக் கூப்பிடுவார்னு தெரியாது." சால்வையை அக்காவின் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். "அம்மா இதைக் கேட்டுட்டே இருந்தாங்க. நீ கிளம்பறப்ப மறந்துடுவேன், அதான் இப்பவே வெச்சுட்டேன்."

அப்பா இறந்த வருஷம் இன்ஸ்பெக்டருக்குப் படிப்பு நின்றது, காக்கி வந்தது. அந்தக் காக்கிதான் தங்கையைப் படிக்க வைத்தது. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அது என்ன, இது என்ன என்று நச்சரித்த குழந்தை இன்று யாரும் காணாத ஒன்றைக் கண்டிருக்கிறாள் என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை. நிலையத்துக்கு வரும் திருடர்களிடம்கூட அதைச் சொல்லியிருக்கிறாள்.

நடைவழிச் சுவரில் கோளைப் பற்றிய பெரிய சுவரொட்டி ஒன்று தொங்கியது. இன்ஸ்பெக்டர் நின்றாள். எத்தனையோ முறை கேட்ட கதைதான், இருந்தாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். தங்கை சொன்னாள். சூரியன் மாதிரிப் பெரிய நட்சத்திரத்துக்கு முன்னால் பூமி அளவுக் கோள் ஒன்று குறுக்கே போவது மைதான விளக்குக்கு முன்னால் கொசு பறக்கிற கதை. வெளிச்சம் குறைந்ததே தெரியாது. சின்ன நட்சத்திரம் என்றால் நூற்றில் ஒரு பங்கு குறையும். அதை அளந்துவிடலாம். நட்சத்திரம் குளிர்ந்தது என்பதால் கோளில் தண்ணீர் உறையாமல் இருக்க வேண்டுமானால் அது சின்ன அடுப்பை ஒட்டி உட்காருவதுபோல நெருங்கிச் சுற்ற வேண்டும். அதனால் அங்கே ஆண்டும் சிறியது. இந்தக் கோளுக்குப் பதினான்கு நாள்தான் ஓர் ஆண்டு. பதினான்கு நாளுக்கு ஒருமுறை நட்சத்திரம் கொஞ்சம் மங்கி மறுபடி தெளிகிறது.

முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது அவள் கை இரண்டும் காற்றில் வட்டம் போடும். இன்று பாடமாக்கிய சாட்சியத்தை ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். தூக்கமில்லை, பாவம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

சுவரொட்டியின் கீழ்வரிசையில் சாம்பல் நிறப் படம் ஒன்று இருந்தது. வெறும் சாம்பல். நடுவில் ஒரு மங்கலான வளையம். மேல் மூலையில் நகத்தால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு. இன்ஸ்பெக்டர் விரலை வைத்துக் கேட்டாள்.

தினமும் விடியும்போது தொலைநோக்கியை மூடுவதற்கு முன், வெளுத்துவரும் வானத்தை ஒரு படம் எடுப்பார்களாம். வானம் அப்போது சுண்ணாம்பு அடித்த சுவர்மாதிரி ஒரே சீராக இருக்கும். அதில் கறை தெரிந்தால் அது வானத்தின் கறை அல்ல, தங்கள் கருவியின் கறை. அந்தக் கறையை இரவில் எடுத்த படங்களிலிருந்து கணக்குப் போட்டு நீக்கிவிடுவார்கள். சிவப்புக் கண்ணாடியில் இருக்கும் ஒரு புள்ளியின் நிழல்தான் அந்த வளையம். அதற்கு அந்த மலையில் 'வளையல்' என்றே பெயர்.

"அந்தக் கோடு?"

"போன வருஷம் எடுத்த படம், அன்னைக்கு ஒரு செயற்கைக்கோள் குறுக்க போச்சு, அவ்வளவுதான். இந்தப் படத்தையெல்லாம் யாரும் உத்துப் பாக்க மாட்டாங்கக்கா. மூக்குக் கண்ணாடியை யாராவது பாப்பாங்களா? அது வழியாத்தானே பாப்பாங்க."

இயக்குநர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. கோள் கிடைத்த பிறகு அவர் நடையே மாறியிருந்தது. கண்ணாடி போன பிறகு மறுபடி பழைய நடைக்கு வந்துவிட்டார். விஷயத்தை அவர் வரிசையாகவே சொன்னார். கேமரா அறைக்கு ஒரே சாவி. இரவில் அது வானத்தைப் படமெடுக்கும் பார்வையாளரிடம் இருக்கும்; விடிந்ததும் அவர் பூட்டிவிட்டுக் காவலாளியிடம் கொடுப்பார். காலையில் திருப்புளி அதை வாங்கிக்கொள்வார். நேற்றிரவு பார்வையாளர் இன்ஸ்பெக்டரின் தங்கை. அவள் பூட்டிச் சாவியைக் கொடுத்ததும் திருப்புளி அதை வாங்கியதும் காவலாளிக்குத் தெரியும். இடையில் சாவி அவர் மேசையைவிட்டு நகரவில்லை. அறை உடைக்கப்படவும் இல்லை.

"விடியும்போது கண்ணாடி கேமராவுக்குள்ளேதான் இருந்தது. அதுக்கு ஆதாரம் இருக்கு," என்று தன் கணினித் திரையைத் திருப்பினார். அன்று காலை எடுத்த வானப் படம். கண்ணாடி இல்லாமல் இருந்தால் வளையல் விழுந்திருக்காது. இதோ, நடுவில் வளையல் இருக்கிறது. ஆகவே கண்ணாடி போனது விடிந்த பிறகு. அதாவது திருப்புளியின் கையில் சாவி இருந்த நேரத்தில்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். சாம்பல், வளையல், மேல் மூலையில் மெல்லிய கோடு. நிமிர்ந்தாள்.

ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். அறிவிப்பில் பெயர் போடவில்லை என்று திருப்புளி இதே அறையில் வந்து கத்தினாராம். நாளை பொறியாளர் வரும்போது தங்களைத் தலைகுனிய வைக்க நினைத்திருக்கிறார் என்றார் இயக்குநர். கோள் விஷயத்தில் யாருக்காவது சந்தேகம் இருந்ததா என்று அவள் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்த மங்கல் அது. மூன்று வாரத்துக்கு முன் ஒருமுறை மட்டும் மேகம் கெடுத்துவிட்டது, போன வாரம் மறுபடி கச்சிதமாக வந்தது என்றார். மேகம் என்று அவரிடம் சொன்னது யார் என்று கேட்டாள். "உங்க தங்கச்சிதான். அன்னைக்கும் அவங்கதானே ராத்திரி இருந்தாங்க."

இன்ஸ்பெக்டருக்கு அந்த இரவு நன்றாக நினைவிருந்தது. கீழே ஊரில் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் பாதுகாப்பு. மேடையைப் பிரித்து முடிக்கும்வரை திறந்த மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்குமேல் வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அப்போதுதான் தங்கை ஃபோன் செய்தாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். சும்மா கூப்பிட்டவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். மலைக்குளிரில் சளி பிடித்திருக்கும் என்று அக்கா அப்போது நினைத்திருந்தாள்.

ஐந்து மணி.

திருப்புளி அண்ணனைப் பட்டறையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே அவருடைய மனைவி தூணில் சாய்ந்து நின்றாள். ஆய்வகக் குடியிருப்பில்தான் அவர்களுக்கு வீடு. வேலை போனால் வீடும் போகும். அழுது முடித்தவள்போல இருந்தாள். போலீஸ் என்று தெரிந்தும் வணக்கம் சொல்லவில்லை.

"காலைல சாவி வாங்கினது எப்ப?" என்று ஆரம்பித்தாள் இன்ஸ்பெக்டர்.

"எட்டு மணிக்கு."

"கேமராவைத் திறந்தது?"

"ரெண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் தொலைநோக்கிக் கூரையைத் திறக்கிற மோட்டாரைப் பிரிச்சுட்டு இருந்தேன்."

"நடுவுல யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

"ஒருத்தர்கூடவா?"

"வந்தாங்கன்னு சொன்னா எனக்கு நல்லதுன்னு தெரியும் மேடம். வரல. வராதவங்களை எப்படி வந்தாங்கன்னு சொல்றது?"

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். திருடியவன் முதலில் கண்டுபிடிப்பது இன்னொரு ஆளைத்தான். இந்த மனுஷன் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேர் போடலன்னு சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். நாளைக்கும் போடுவேன். அதுக்காகக் கண்ணாடியைத் திருடுவேனா? நான் துடைச்சு வெச்ச கண்ணாடி."

"இதுக்கு முன்னாடி அதைக் கழட்டினது எப்ப?"

போன வாரம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேமரா ஒரு நாள் வால்நட்சத்திரக் குழுவுக்குப் போகும். அவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி ஆகாது. கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மதியம் திரும்ப மாட்டுவார். அதற்கு முந்தைய முறை மட்டும் அந்தக் குழுவின் ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதனால் கழற்றவும் இல்லை.

"மாட்டினதும் கண்ணாடி அசையாம நிக்குமா?"

"மதியச் சூட்டுல மாட்டறோம், ராத்திரி கேமரா குளிரும். முதல் ராத்திரி ஒரு மயிரிழை நகர்ந்து உக்காரும். அப்புறம் அசையாது. எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் எழுந்தபோது திருப்புளி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று சொன்னார்.

"பெரியவர் திட்டினது எனக்குப் பெரிசா தெரியல. பாப்பா பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா. 'அண்ணன் செஞ்சிருக்க மாட்டார்'னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. அதான் மனசுக்கு ஆறல."

வெளியே வந்து நடைவழியில் அந்தச் சுவரொட்டியின் முன் மறுபடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். சாம்பல் நிறத்துக்குள் பொடிப்பொடியாகத் தெரிந்த கரும்புள்ளிகளைக்கூட விடாமல் பார்த்துவிட்டு அதைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, பாப்பாகிட்ட சால்வை கேட்டியா?"

"எந்தச் சால்வை?"

"கம்பளிச் சால்வை."

"இங்க அடிக்கிற வெயில்ல எனக்கெதுக்குடி சால்வை? அவ குளிர்ல கெடக்கறா, அவளே போத்திக்கட்டும். ஆமா, நீ மலைக்கா போயிருக்க? அவ சாப்பிடறாளா, இல்ல வானத்தைப் பாத்துட்டே கெடக்கறாளா?"

சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். தோள்பை தோளில்தான் இருந்தது. வந்ததிலிருந்து அதன் கனம் அவளுக்கு உறைக்கவே இல்லை, இப்போது இழுத்தது. திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் போய் உங்கள் பிள்ளைதான் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடலாம். இன்று எந்த ஜீப்பில் ஏறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டால் போதும், அவளை யாரும் நிறுத்தமாட்டார்கள். அந்த எண்ணம் வந்ததற்காகவே எழுந்து நடந்தாள்.

ஆறு மணி.

இயக்குநரின் அறையில் நான்கு பேர். புகார்த் தாள் மேசைமேல் தயாராக இருந்தது. திருப்புளி அண்ணனை உட்காரச் சொன்னாள் இன்ஸ்பெக்டர், அவர் உட்காரவில்லை. தங்கை சன்னலோரம் நின்றாள்.

"விடியும்போது கண்ணாடி இருந்ததுங்கறதுக்கு இந்தப் படம்தானே ஆதாரம்?" என்று திரையைக் காட்டினாள் இன்ஸ்பெக்டர்.

இயக்குநர் தலையாட்டினார்.

அவள் தன் கைப்பேசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இது உங்க நடைவழிச் சுவரொட்டியில இருக்கிற படம். போன வருஷம் எடுத்தது. ரெண்டையும் பாருங்க."

இயக்குநர் பார்த்தார். இரண்டிலும் வளையல். இருக்கத்தானே செய்யும், ஒரே கண்ணாடிதானே என்றார்.

"வளையல் இருக்கட்டும். மேல் மூலையில பாருங்க. போன வருஷம் ஒரு காலைல குறுக்க போன செயற்கைக்கோளோட தடம் இது. இன்னைக்குக் காலைலயும் அதே இடத்துல, அதே நீளத்துல, அதே சாய்வுல எப்படிப் போகும்? கோடு மட்டுமில்ல சார், பொடிப்புள்ளிகூட ஒவ்வொண்ணும் அச்சு. எங்க தொழில்ல ஒரு விஷயம் உண்டு. ஒரே விரல் ரெண்டு தடவை வெச்ச ரேகை ஒருநாளும் அச்சடிச்ச மாதிரி இருக்காது. இங்க கொஞ்சம் அழுந்தியிருக்கும், அங்க கொஞ்சம் இழுத்திருக்கும். ரெண்டும் துளி பிசகாம ஒண்ணா இருந்தா, ஒண்ணு போலி."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். நாற்பது வருஷமாக அந்த மாதிரிப் படங்களால் வகுத்துக் கணக்குப் போட்ட மனிதர். ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் மளமளவென்று சொன்னாள். நிறுத்தினால் மேலே பேச முடியாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இன்று விடியலில் உண்மையான படம் எடுக்கப்பட்டிருந்தால் அதில் வளையல் இருந்திருக்காது. ஏனென்றால் கண்ணாடி அதற்கு முன்பே கழற்றப்பட்டுவிட்டது. அது தெரியாமல் இருக்கத்தான் பழைய படத்துக்கு இன்றைய தேதி போடப்பட்டது. அவசரத்தில் கைக்குச் சிக்கியது, சுவரொட்டிக்காகத் தனியே எடுத்து வைத்திருந்த படம். அந்த வேலையைச் செய்யக்கூடியவர், விடியும்வரை சாவி வைத்திருந்தவர் ஒருவர்தான்.

யாரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. திருப்புளி அண்ணன் மட்டும் திரும்பினார்.

"ஆனா... அவங்க கோளை அவங்களே எதுக்கு?" என்றார் இயக்குநர்.

"கோள் இல்லை சார்."

இன்ஸ்பெக்டர் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

கோளின் ஆண்டு பதினான்கு நாள். கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதும் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. மாட்டிய முதல் இரவில் கண்ணாடி மயிரிழை நகரும்போது அந்த வளையல் நிழல் நட்சத்திரத்தின்மேல் ஏறி இறங்குகிறது. விடியலில் படம் எடுக்கும்போது அது வேறிடத்தில் போய் உட்கார்ந்துவிடுவதால் கணக்கு அதை நீக்குவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் வால்நட்சத்திரக் குழு வரவில்லை, கண்ணாடி கழற்றப்படவில்லை, நட்சத்திரம் மங்கவும் இல்லை. அன்று வானத்தில் மேகமே கிடையாது. கீழே மைதானத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளே அவள்தான். பொறியாளர் கண்ணாடியைக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் இது தெரிந்துவிடும். திருட்டு யாரையும் தலைகுனிய வைப்பதற்காக நடக்கவில்லை, நாளைக் காலைச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்காக நடந்தது.

பையைத் திறந்து சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரிக்கவில்லை.

"இந்த மலையில சோதிக்காத பை ஒண்ணுதான்," என்றாள். "நீயே பிரி பாப்பா."

தங்கை வந்து பிரித்தாள். மடிப்புக்குள் மடிப்பாகக் கம்பளி விலகியதும் அடர்சிவப்பு வட்டம் ஒன்று மேசை விளக்கின் கீழ் கறுப்பாகக் கிடந்தது.

"துடைச்சுப் பாத்தேன்க்கா. தூசின்னுதான் நெனச்சோம் எல்லாரும். தூசி இல்ல, கண்ணாடி மேல இருக்கிற பூச்சுலயே கொப்புளம். போகல."

"மலை பூரா பள்ளம். தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"முடியல." அவள் கண்ணாடியைத் தொடாமல் அதன் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். "ஆறு வருஷம் இதுலதான் இருந்தேன். யாரையும் மாட்டிவிட நெனைக்கல. கொஞ்ச நாள் கிடைச்சா நானே சொல்லிடலாம்னு..."

"நீ தப்பாக் கண்டுபிடிச்சது தப்பில்ல. அதைச் சொல்லியிருந்தா தோத்திருப்ப, அவ்வளவுதான். தோத்தவளைக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியும்." இன்ஸ்பெக்டர் திருப்புளி அண்ணன் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த மனுஷன் ரெண்டு மணியிலேர்ந்து திருடனா நின்னுட்டு இருந்தார். அவர் வீட்டுக்காரம்மா வெளிய தூணைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. நீ பாத்துட்டு இருந்த."

இயக்குநர் புகார்த் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடிதான் கிடைத்துவிட்டதே, வெளியே தெரியாமல் முடித்துவிடலாமே என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். எதை முடிப்பது, கோளையா திருட்டையா என்று அவருக்கே விளங்கவில்லைபோலும். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை வாங்கி, அதில் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுத் திருப்புளி அண்ணன் முன்னால் வைத்தாள்.

"பழி விழுந்தது உங்க மேல. என்ன எழுதறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எழுதினா நானே நிலையத்துல பதிவு பண்றேன்."

திருப்புளி அண்ணன் தாளைத் தொடவில்லை. கண்ணாடியை எடுத்தார்; எப்போதும்போல விளிம்பில் மட்டும் பிடித்து விளக்குக்கு நேரே உயர்த்தினார். கொப்புளம் தெரியும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்ஜினியர் கையில இதை யார் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"நான் குடுக்கறேன்ணா," என்றாள் தங்கை. "நானே சொல்லிடறேன்."

"சொல்லு. என்னைப் பத்தியும் சொல்லணும். எல்லார் முன்னாடியும்." கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "அதுக்கப்புறம் எழுதறதா வேண்டாமான்னு பாக்கறேன். இப்பவே மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வராது."

வெளியே போய் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு குடியிருப்புப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சால்வையை உதறித் தங்கையின் தோளில் போர்த்தினாள். தங்கை அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அக்கா ஒரு நொடி கொடுத்தாள், பிறகு இழுத்துக்கொண்டாள். காலையில் பொறியாளர் வரும் நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அக்காவாக வருவாயா, போலீசாக வருவாயா என்று தங்கை கேட்டாள். அவளுக்கு அது தெரியவில்லை; தெரியவில்லை என்றே சொன்னாள்.

வாசலில் காவலாளி அவளைக் கண்டதும் எழுந்து தடுப்புக்கட்டையைத் தூக்கினார். மலைக்கு மேலே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இன்ஸ்பெக்டர் தாண்டிப் போகவில்லை. தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்து ஜிப்பை முழுக்கத் திறந்தாள்.

"பாருங்க," என்றாள்.

"ஐயோ, உங்க பையையா மேடம்? வேண்டாங்க."

"பாருங்கண்ணே. கையை விட்டு, அடிவரைக்கும் பாருங்க."

அவர் கூச்சத்தோடு கையை விட்டார். கைக்குட்டை, சாவிக்கொத்து, ஒரு தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பை காலியாகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.